வயசு எவ்வளவு, அண்ணாச்சி?

பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதைச் சொல்லும் கம்ப்யூட்டர் கோடு பார்வைக்குச் சின்னது. ஆனால் முதியோர் பென்ஷன், பள்ளிச் சேர்க்கை, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், வாக்காளர் பட்டியல் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு நாள் பிசகினால் ஒருவருக்கு ஒரு வருடமே போய்விடும். வாசகர்கள் இதைப் பற்றி நிறையக் கேட்டிருப்பதால் இந்த முறை முழுக்க வயதுதான்.

*கன்னியாகுமரி மாவட்டத்துக்கு என்ன வயசு?*
பள்ளி மாணவி, தக்கலை

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள் 1956 நவம்பர் 1. ஆக, 2026 அக்டோபர் 31 இரவு வரை 69. விடிந்தால் 70. 2026 ஜனவரியிலேயே 70 என்று காட்டும் ஆப் பத்து மாதம் முந்திக்கொள்கிறது.

*இந்த வருஷத்திலிருந்து பிறந்த வருஷத்தைக் கழிச்சா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?*
பொறியியல் மாணவர், வடசேரி

நம்மூர்ப் பெரியவர்களை வைத்தே பார்த்துவிடுவோம். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்: பிறப்பு 1908 நவம்பர் 29, மறைவு 1957 ஆகஸ்ட் 30. கழித்தால் 49 வரும். அவர் வாழ்ந்து முடித்தது 48. பூதப்பாண்டி தந்த ஜீவானந்தம்: 1907 ஆகஸ்ட் 21, 1963 ஜனவரி 18. கழித்தால் 56, உண்மையில் 55. மார்ஷல் நேசமணி: 1895 ஜூன் 12, 1968 ஜூன் 1. கழித்தால் 73, உண்மையில் 72. தேரூர் கவிமணிக்கு மட்டும் உங்கள் கணக்கு சரியாக வருகிறது: 1876 ஜூலை 27, 1954 செப்டம்பர் 26, வயது 78. அந்த வருடப் பிறந்தநாள் அவருக்குக் கடந்துவிட்டிருந்தது, அதனால்தான். நாலு பேரில் மூன்று பேருக்குத் தப்பாகச் சொல்லும் கோடை எப்படி வெளியே விடுவது?

*சரி, பிறந்ததிலிருந்து மொத்த நாளையும் எண்ணி 365-ஆல் வகுத்தா?*
அதே மாணவர்

விடமாட்டீர்கள், நல்லது. நேசமணி வாழ்ந்த நாட்கள் 26,652. அதை 365-ஆல் வகுத்தால் 73.02 வரும், ஆப் 73 என்று சொல்லும். 73 நிறைய இன்னும் பதினொரு நாள் இருந்தது. நடுவே வந்த 18 பிப்ரவரி 29-களை உங்கள் வகுத்தல் பார்க்கவே இல்லை. வயது ஏற ஏற இந்தப் பிசகும் ஏறும். அறுபது வயதை நெருங்குகிறவருக்கு அந்தப் பிறந்தநாள் பதினைந்து நாள் முன்பே வந்துவிடும்.

*365.25?*
இன்னும் அதே மாணவர்

ஒரு வயது நிறையும் குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். லீப் நாள் இடையில் வராவிட்டால் 365 நாள்தான். வகுத்தால் 0.999. வீட்டில் கேக் வெட்டுகிறார்கள், ஆப் பூஜ்யம் காட்டுகிறது. 2004 மார்ச் 1-ல் பிறந்தவருக்கு 2022 மார்ச் 1 அன்று 6,574 நாள். 18 வருடத்துக்கு உங்கள் கணக்குப்படி 6,574.5 வேண்டும். அரை நாள் குறைகிறதென்று ஒரு மேஜரை மைனர் ஆக்கிவிட்டீர்கள். வயது என்பது காலண்டரில் பார்ப்பது. அதில் வகுத்தலுக்கு இடமே கிடையாது.

*அப்போ சரியான வழிதான் என்ன?*
ஆப் எழுதும் இல்லத்தரசி, மார்த்தாண்டம்

முதலில் வருடத்தைக் கழியுங்கள். பிறகு இந்த வருடப் பிறந்தநாள் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள். அவ்வளவுதான்.

வந்துவிட்டதா என்று பார்க்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாதம் சிறியதா என்று ஒரு தடவை, தேதி சிறியதா என்று தனியாக ஒரு தடவை சோதித்து, இரண்டில் எது உண்மையானாலும் ஒன்றைக் குறைத்துவிடுகிறார்கள். மார்ச் 20-ல் பிறந்தவருக்கு நவம்பர் 5 அன்று என்ன ஆகும்? 5, 20-ஐ விடச் சிறியது என்று ஒரு வயது பறிபோகும். மாதம் சமமாக இருந்தால் மட்டுமே தேதியைப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் 8.0 முதல் ஜாவாவின் லோக்கல்டேட், பீரியட் வகுப்புகள் கூடவே வருகின்றன. பிறந்த தேதியையும் பார்க்கும் தேதியையும் கொடுத்தால் வருடம் கிடைத்துவிடும். ஐபோனில் காலண்டரிடம் இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை வருடம் என்று கேட்கலாம். ஃப்ளட்டரில் மட்டும் டார்ட் மொழி தேதிகளைக் கழித்தால் நாள் கணக்குதான் தரும். அங்கே நான் சொன்ன வழியைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள், நாலு வரிதான்.

*மே மாசம் பிறந்த எனக்கு ஆப் ஜூன்னு காட்டுது.*
ஆட்டோ ஓட்டுநர், குளச்சல்

ஜாவாவின் பழைய காலண்டரும் ஜாவாஸ்கிரிப்டும் ஜனவரியைப் பூஜ்யம் என்று எண்ணுகின்றன. நீங்கள் கொடுத்த 5 அங்கே ஆறாவது மாதம். எழுதியவர் ஒன்றைக் கழிக்க மறந்திருக்கிறார், அவரிடம் இதைக் காட்டுங்கள்.

*முப்பது வயசுக்காரருக்கு என் கோடு 643 காட்டுது. ஒரு வருஷத்துக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று சரியாகத்தான் பெருக்கியிருக்கிறேன்.*
பயிற்சி நிரலாளர், நாகர்கோவில்

பெருக்கல் சரி, அதைப் போட்டுவைத்த பாத்திரம் சிறியது. ஒரு வருடத்துக்கு 31,536,000,000 மில்லிசெகண்ட். ஜாவாவின் சாதாரண முழு எண்ணில் 2,147,483,647 வரைதான் கொள்ளும். மிச்சம் வழிந்துபோய் 1,471,228,928 மட்டும் நிற்கும், அதாவது பதினேழு நாள். உங்கள் ஆப்பில் ஒரு வருடத்துக்குப் பதினேழே நாள் என்றால் 643 வராமல் என்ன செய்யும்? இந்தப் பிழை இப்படிக் கண்ணில் அறைகிற மாதிரி வந்தது உங்கள் நல்ல காலம். 31 வந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

*பிப்ரவரி 29-ல் பிறந்தவருக்கு 18 எப்போ நிறையும்? 28-லா, மார்ச் 1-லா?*
சட்டக் கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஜாவாவிடமே கேட்டால் இரண்டு பதில் வரும். 2004 பிப்ரவரி 29-லிருந்து 2022 பிப்ரவரி 28 வரை எத்தனை வருடம் என்றால் 17 என்கிறது. அதே பிறந்த தேதியோடு 18 வருடத்தைக் கூட்டு என்றால் 2022 பிப்ரவரி 28 என்கிறது. இரண்டும் அதனதன் விதிப்படி சரி. எது வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர் கோடு எழுதுகிறவர். அவர் சட்டத்தைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஹாங்காங் மார்ச் 1 என்கிறது, நியூசிலாந்து பிப்ரவரி 28 என்கிறது. இந்தியாவில் 1875-ல் வந்த மேஜர் வயதுச் சட்டம் தன் பழைய வடிவில் இதற்கு ஓர் உதாரணமே வைத்திருந்தது: 1852 பிப்ரவரி 29-ல் பிறந்து, கார்டியன் நியமிக்கப்பட்டதால் 21-ல் மேஜர் ஆக வேண்டியவர், 1873 பிப்ரவரி 28-ன் முதல் நொடியில் மேஜர் ஆகிறார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இந்த ஓரத்தையும் யோசித்து வைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

*ஒண்ணாம் தேதி பிறந்த எங்க சாருக்கு முந்தின மாசமே ரிட்டயர்மென்ட் கொடுத்துட்டாங்க. என் ஆப் அடுத்த மாசம்தான்னு சொல்லுது. யார் சரி?*
பள்ளி அலுவலக உதவியாளர், இரணியல்

அலுவலகம்தான் சரி. அரசு ஊழியர் ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். தமிழ்நாட்டில் அந்த வயது 2021 முதல் 60. ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தவர் முந்தின மாதக் கடைசி நாளிலேயே போக வேண்டும். காரணம், பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகச் சேர்த்து எண்ணும் முறை. ஜூன் 1-ல் பிறந்தவருடைய அறுபதாவது வருடம் மே 31 நள்ளிரவோடு நிறைந்துவிடுகிறது. நிறைந்த நாள் மே மாதத்தில் இருப்பதால் ஓய்வும் மே மாதத்தில்.

இந்த ஒரு நாளுக்காக ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ராஜஸ்தான் அரசுப் பணித் தேர்வில் விதி, ஜனவரி 1 அன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்றது. விண்ணப்பித்தவர் பிறந்தது 1956 ஜனவரி 2. நாம் எல்லோரும் 1984 ஜனவரி 1 அன்று அவருக்கு 27 என்றுதான் சொல்வோம். 1986-ல் நீதிமன்றம், பிறந்த நாளை முழு நாளாக எண்ண வேண்டும், ஆகவே ஜனவரி 1 முடியும்போதே அவர் 28-ஐ எட்டிவிட்டார் என்று தீர்ப்புச் சொன்னது. தகுதி போயிற்று.

ஆகவே ‘எத்தனை வயது’ என்பதற்கு ஒரு கணக்கும், ‘இந்த வயதை எந்த நாளில் எட்டுகிறார்’ என்பதற்குத் தனியாக ஒரு கணக்கும் எழுதுங்கள். முதலாவது பிறந்தநாள் வாழ்த்துக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் போதும். வேலை, ஓய்வு, உரிமை என்று வரும் இடத்தில் அந்தந்த விதியின் வாசகத்தைப் படித்துவிட்டுத்தான் கோடில் கை வைக்க வேண்டும்.

*‘வயது’ன்னு ஒரு ஃபங்ஷன் எழுதி எல்லா இடத்திலும் கூப்பிடறேன். இது சரிதானே?*
ஃப்ரீலான்ஸர், கருங்கல்

அது போனின் இன்றைய தேதியைத் தானே எடுத்துக்கொள்கிறது என்றால் சரியில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு ஜூலை 31 அன்றைய வயது வேண்டும். டிஎன்பிஎஸ்சிக்கு ஜூலை 1. வாக்காளராகச் சேர முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் இருந்தது, இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-ம் உண்டு. எந்தத் தேதியில் வயது என்பதையும் வெளியிலிருந்து கொடுங்கள். இன்னொரு லாபம்: நேற்று, நாளை, லீப் நாள் எதையும் கொடுத்து உட்கார்ந்த இடத்தில் சோதித்துவிடலாம்.

*எங்க பாட்டா சாதகத்தில் கொல்லம் 1116-ன்னு இருக்கு. 825 கூட்டணும்னு சொன்னாங்க. சரியா?*
மருந்துக்கடை ஊழியர், பூதப்பாண்டி

எந்த மாதம் என்று சொல்லவில்லையே! அதில்தான் பாட்டாவின் ஒரு வயது இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது, விளவங்கோட்டுக்காரர்கள் சிங்கம் என்பார்கள். முதல் கொல்லம் ஆண்டு தொடங்கியது கி.பி. 825-ல். ஆகவே ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை, அதாவது டிசம்பர் 31 வரை, 824 கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்ததிலிருந்து ஆடி முடியும் வரை 825. 1116 ஆவணி என்றால் 1940. 1116 ஆடி என்றால் 1941. எல்லாவற்றுக்கும் 825 கூட்டும் ஆப், ஆவணியில் பிறந்தவரை ஒரு வருடம் இளமையாக்கிவிடும். கேட்க இனிக்கும், ஆனால் 60 வயதில் கிடைக்க வேண்டிய பென்ஷன் 61-ல்தான் வரும்.

சரிபார்க்க நம் ஊரிலேயே இரண்டு தேதிகள் உண்டு. தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் வந்தது 1099 ஆடியில், 825 கூட்டினால் 1924. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1112 ஐப்பசியில், 824 கூட்டினால் 1936. இரண்டும் சரித்திரத்தோடு பொருந்துகின்றன. உங்கள் கோடும் இந்த இரண்டையும் சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள்.

தேதி வரை மாற்றுவதானால் இன்னும் கவனம் வேண்டும். சூரியன் ராசி மாறும் நேரத்தை வைத்து மாதப் பிறப்பைத் தீர்மானிப்பதில் தமிழ் வழக்கும் மலையாள வழக்கும் ஒன்றல்ல, சில மாதங்கள் ஒரு நாள் தள்ளிப் பிறக்கும். எந்தப் பஞ்சாங்கப்படி எழுதிய சாதகம் என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்யும் ஒரு நல்ல ஆப் நம் மாவட்டத்துக்குக் கட்டாயம் வேண்டும். 1956-க்கு முன் இங்கே பிறந்தவர்களின் தாள்களில் கொல்லம் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

*எங்க ஆச்சிக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆப் தேதி போடாம விடமாட்டேங்குது. ஜனவரி 1 போட்டுட்டேன். தப்பா?*
கல்லூரி மாணவி, குலசேகரம்

உங்கள் மேல் தப்பே இல்லை, தப்பு அந்த ஆப்பின் மேல். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல ஆச்சியைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. நாளைக்கு அந்த ஜனவரி 1-ஐ இன்னொரு அலுவலகம் உண்மைத் தேதியென்று எடுத்துக்கொள்ளும், மூன்றாவது தாளில் வேறு தேதி இருந்தால் ஆச்சிதான் அலைய வேண்டும். வருடம் மட்டும், வருடமும் மாதமும், முழுத் தேதி என்று மூன்று விதமாகவும் வாங்கிக்கொள்ள ஆப்பில் வழி வேண்டும். எந்த அளவு தெரியும் என்பதையும் கூடவே சேமித்து, ‘79 அல்லது 80’ என்று காட்டினால் போதும்.

ஆதாரில் தேதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அட்டை ஆளை அடையாளம் காட்டத்தான். வயதை நிரூபிக்க அது போதாது, பள்ளி மாற்றுச் சான்றிதழுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத ஆச்சிமாருக்குச் சாதகமோ தேவாலய ஞானஸ்நானப் பதிவேடோ இருந்தால் தேடிப் பாருங்கள். சில குடும்பங்களில் அதில் நாளே கிடைத்துவிடும்.

*நான் மஸ்கட்டில் இருக்கேன். பிறந்தது மே 10. ஆப் மே 9-ன்னு காட்டுது. நாகர்கோவில்ல இருக்கிற தம்பி போனில் சரியா இருக்கு.*
கட்டட மேற்பார்வையாளர், மஸ்கட் (சொந்த ஊர் திங்கள்சந்தை)

உங்கள் பிறந்த தேதியை அந்த ஆப் ஒரு நொடியாக, மே 10 இந்திய நள்ளிரவாகச் சேமித்திருக்கிறது. அந்த நொடியில் மஸ்கட்டில் மே 9 இரவு 10.30. நீங்கள் விமானம் ஏறியதும் பிறந்த தேதியும் பின்னால் போய்விட்டது. பிறந்த தேதிக்கு மணியும் வேண்டாம், நேர மண்டலமும் வேண்டாம். வருடம், மாதம், தேதி என்று மூன்று எண்களாகச் சேமித்தால் உலகத்தில் எங்கே போனாலும் மே 10-தான்.

இதில் முதியவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, இந்திய நேரம் ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் நேர அட்டவணையில் அது பதிவாகியிருக்கிறது. போன் அந்தக் காலத்து நள்ளிரவைச் சேமிக்க, சர்வர் எப்போதும் ஐந்தரை மணி என்று கூட்டினால், 1943-ல் பிறந்தவர் முந்தின நாள் இரவு 11 மணிக்குப் போய்விடுவார். எண்பது தாண்டியவர்களின் தேதி மட்டும் ஒரு நாள் குறைகிறது என்று புகார் வந்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

*1940-ல் பிறந்தவருக்கு வயசு மைனஸில் வருது!*
இ-சேவை மையத்தில் பணிபுரிபவர், அழகியமண்டபம்

வருடத்தை ‘40’ என்று இரண்டு இலக்கமாக வாங்கியிருப்பீர்கள். ஜாவாவின் பழைய தேதி வாசிப்பான் அதை இன்றைக்கு 80 வருடம் முன்னும் 20 வருடம் பின்னுமான எல்லைக்குள் பொருத்தும். 40 இப்போது 2040 ஆகிவிட்டது. நாலு இலக்கமும் கட்டாயம் கேளுங்கள்.

1970-க்கு முன் பிறந்தவர்களையும் ஒரு தடவை சோதியுங்கள். கம்ப்யூட்டர் தன் நொடிக் கணக்கை 1970 ஜனவரி 1-லிருந்து தொடங்குகிறது, அதற்கு முந்தியவை எல்லாம் மைனஸ். ‘பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் தவறான தேதி’ என்று எழுதிய ஒரு வரி போதும், மாவட்டத்தின் மூத்தவர்கள் அத்தனை பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

*டிசம்பர் 31, 2001-ல் பிறந்தவரை 2002-ன்னு காட்டுது, மத்தவங்களுக்கு ஒழுங்கா இருக்கு.*
சோதனைப் பொறியாளர், நாகர்கோவில்

தேதி வடிவத்தில் வருடத்துக்குச் சின்ன ஒய் போட வேண்டிய இடத்தில் பெரிய ஒய் போட்டிருக்கிறார்கள். பெரிய ஒய், அந்த வாரம் எந்த வருடத்தைச் சேர்ந்தது என்று பார்க்கும். அந்த டிசம்பர் 31 திங்கள், மறுநாளே புத்தாண்டு, வாரம் 2002-க்குப் போய்விட்டது.

*‘எனக்கு அறுபது நடக்குது’ன்னு அப்பா 60 போட்டார். ஆப்பில் 59 வருது.*
ஆசிரியை, சுசீந்திரம்

இரண்டும் சரி. அப்பா நடக்கிற வருடத்தை எண்ணுகிறார், ஆப் நிறைந்த வருடத்தை. தென்கொரியாவில் பிறந்த உடனேயே ஒரு வயது என்று எண்ணும் வழக்கம் இருந்து, 2023 ஜூனில்தான் பெரும்பாலான அரசு காரியங்களுக்கு நிறைந்த வயது என்று ஒழுங்குபடுத்தினார்கள். ஆப்பில் வயதைக் கேட்காமல் பிறந்த தேதியைக் கேட்டால் இந்தக் குழப்பமே வராது.

*18 ஆகிவிட்டதான்னு மட்டும்தான் எனக்குத் தெரியணும். பிறந்த தேதியை வாங்கி வைக்கலாமா?*
சிறுதொழில் செய்பவர், தோவாளை

கணக்குப் போட்டு, ‘ஆம், இல்லை’ மட்டும் வைத்துக்கொண்டு தேதியை விட்டுவிடுங்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 நிறையாதவர் குழந்தை, அவர் தரவைத் தொடப் பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் வேண்டும். கைவசம் இல்லாத தேதியை யாரும் திருடிக்கொண்டு போகவும் முடியாது.

*அப்பாவுக்குச் சதாபிஷேகம் எப்போன்னு ஆப்பில் காட்டணும். ஆயிரம் பிறை கண்டவர்னா எத்தனை வயசு?*
வங்கி ஊழியர், பறக்கை

இங்கேதான் நாள் கணக்கு சரி, காலண்டர் வருடத்தைப் பார்க்கக் கூடாது! ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சராசரி 29.53 நாள். பிறந்த பிறகு வரும் முதல் பௌர்ணமியை ஒன்று என்று எண்ணினால், ஆயிரமாவது பௌர்ணமி பிறந்ததிலிருந்து ஏறத்தாழ 29,501-க்கும் 29,531-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் வரும். அதாவது 80 நிறைந்து ஒன்பது, பத்து மாதம். ஆப் அந்த மாதத்தைக் காட்டட்டும். நாள், நட்சத்திரம், விழா எப்போது என்பதை உங்கள் குடும்ப வழக்கப்படி ஜோசியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.